பைக்குள் வைத்த கல்

அன்புள்ள அம்மாவுக்கு, மாதவராஜ் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி பரவாயில்லையா?

இங்கும் ரேஷனில் பருப்புத் தட்டுப்பாடுதான். வெள்ளிக்கிழமை பருப்பு வருகிறதென்றதும் மில்லுக்கு லீவு போட்டுப் போனேன். காரிமங்கலத்தில் நீங்கள் செய்வதுபோல, பை பறக்காமலிருக்க உள்ளே கல் வைத்து, அதை வரிசையில் போட்டு இடம் பிடித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்தேன். பருப்பு தீர்ந்தது. சிலர் சத்தம் போட, போலீஸ் வந்தது. என் பையைப் பிரித்து, "எறியவாடா கல்லு கொண்டாந்த?" என்றார்கள்.

"எடத்துக்கு வெச்சதுங்க" என்றேன். நம்பவில்லை.

அடி லேசுதான், முதுகு வீக்கம் வடிந்துவிட்டது. போன் உடைந்ததால்தான் கடிதம். ஊரிலிருந்து யாராவது வந்தால் கேழ்வரகு மாவும் தைலமும் கொடுத்தனுப்புங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அம்மா, இனிமேல் நீங்களும் பைக்குள் கல் வைக்க வேண்டாம். கால் வலித்தாலும் நின்றே வாங்குங்கள்.

மாதவராஜ்