பச்சையப்பன் இறந்த தேதி

12.1.2026, திங்கள்

இ-சேவை மையத்தில் மதியம் வரை சர்வர் படுத்துவிட்டது. சான்றிதழுக்கு வந்தவர்கள் நான்தான் சர்வர் என்பதுபோல முறைத்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா, "இன்னாமா, தேதி கெடச்சுதா?"

ஊரார் வீட்டுச் சாவுத் தேதியெல்லாம் தட்டச்சு செய்கிறேன். எங்கள் தாத்தா பச்சையப்பன் செத்த தேதி மட்டும் கிடைக்கவில்லை. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்தோடு பர்மா பக்கம் போனவர், திரும்பவில்லை. தேதி தெரியாததால் மகாளய அமாவாசைப் படையலில்தான் அவருக்கும் பங்கு. நவம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து, தாத்தா செத்த நாளில் அவருக்கென்று ஒரு தரம் படைக்க வேண்டும் என்பதே அப்பாவின் பேச்சு. எண்பத்திரண்டு வயது. எத்தனை மார்கழி பாக்கி என்று யாருக்குத் தெரியும்.

18.1, ஞாயிறு

தம்பி மகள் ரம்யா சென்னையிலிருந்தபடியே இணையத்தில் எங்கள் குடும்ப மரத்தைப் போட்டுக் கொடுத்தாள். மேல் கிளையில் தாத்தா பெயர், ஊர் தியாகதுருகம், கூடவே கூடத்தில் மாட்டியிருக்கும் படம்.

அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. பட்டாளத்திலிருந்து வந்த தகரப் பெட்டி பரண்மேலே பூட்டியே கிடந்தது. அப்பாவின் அம்மா அடுத்த வருஷமே பேதியில் போய்விட்டாள். அப்பா இருபது வயதில் பூட்டை உடைத்தபோது உள்ளே இருந்த படம் அது. ஊர்ப் பெரியவர்கள் பார்த்துவிட்டு, உடுப்பு போட்டதும் ஆளே மாறிவிட்டான் என்றார்களாம். அன்றைக்கு மாட்டிய படம். தினமும் குளித்ததும் அப்பா அதன் முன்னால் நின்று முணுமுணுப்பார். மழை இல்லை, கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவில்லை, எல்லாப் புகாரும் அங்கேதான்.

29.1, வியாழன்

கிடைத்துவிட்டது. போரில் இறந்த சிப்பாய்களின் பட்டியலில், தகப்பன் பெயர், ஊர், தென்னாற்காடு ஜில்லா, எல்லாம் சரி. 11 மார்ச் 1944. உடல் இல்லை, ரங்கூனில் ஒரு தூணில் பெயர் மட்டும் இருக்கிறதாம். அப்பா காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

7.2, சனி

வெள்ளிமலையில் சிறப்பு முகாம். மலையில் டவரே இல்லை. நாற்பது மனுக்களையும் கையால் எழுதினோம். பஸ் கச்சிராயபாளையம் இறங்கியதும் போன் விடாமல் துடித்தது. இணையத்தில் எங்கள் குடும்ப மரத்தைப் பார்த்துவிட்டுக் கள்ளக்குறிச்சி அன்சர் என்பவர் எழுதியிருந்தார்: நீங்கள் போட்டிருப்பது எங்கள் தாத்தா ஹயாத் பாஷாவின் படம்.

ஏதோ தவறு. அவர் பக்கம்தான் தவறு இருக்க வேண்டும்.

8.2, ஞாயிறு

தவறு எங்களுடையது. அன்சர் துணிக்கடையில், அவர் தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த குரூப் போட்டோவைக் காட்டினார். நான்கு வரிசை, பின்பக்கம் வரிசைப்படி பெயர்கள். இரண்டாம் வரிசையில் எங்கள் கூடத்து முகம், அதே புருவத் தழும்பு. பெயர் ஹயாத் பாஷா. கடைசி வரிசை ஓரத்தில் பச்சையப்பன், தியாகதுருகம். படம் எடுக்கும்போது ஆள் அசைந்திருக்கிறார். கழுத்துக்கு மேலே வெறும் புகை.

சிநேகிதர்கள் படம் மாற்றிக்கொண்டார்களா, பெட்டியில் தவறி விழுந்ததா, இனி யாரைக் கேட்பது? ஹயாத் பாஷா 1986 வரை உயிரோடு இருந்திருக்கிறார். நாங்கள் மாலை போட்டுப் பிராந்தி வைத்துப் படைத்துக்கொண்டிருந்தபோது, அந்த மனுஷன் இந்தக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். கூசிப் போய்ச் சொன்னேன். அன்சர் சிரித்துவிட்டார். "எங்க தாத்தா சோடாகூட குடிக்க மாட்டாருக்கா." பிறகு மெதுவாக, "அந்த மாலய மட்டும் எடுத்துடுங்க."

9.2

தம்பி இளவரசன் போனில், அப்பாவிடம் சொல்லவே வேண்டாம் என்கிறான். அவனுக்கென்ன, சென்னையில் இருக்கிறான்.

மாலையை எடுக்கவில்லை. என்ன சொல்லி எடுப்பது?

24.2, செவ்வாய்

சொல்லித் தொலைத்துவிட்டேன். இப்படியா சொல்வேன்?

நாள் முழுக்க வேலை, தலைவலி. அப்பா படையலுக்காகப் படத்தைக் கழற்றிப் புதுச் சட்டம் போட்டு வரச் சொன்னார். இன்றைக்கே போ, இப்பவே போ என்று நச்சரிப்பு. "நீ கும்புட்டுக்கினு இருக்கறது உங்கப்பாவே இல்லப்பா" என்று கத்திவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

பாவி நான். இன்னா அவசரம் எனக்கு?

27.2

குளித்துவிட்டு நேராகச் சாப்பிட வந்துவிடுகிறார். கூடத்துப் பக்கம் திரும்புவதில்லை. எனக்கு அந்தப் படத்தைவிட அவர் முதுகைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

6.3, வெள்ளி

திதி பார்க்கவா என்று கேட்டேன். சர்க்கார் கொடுத்த தேதியே போதும் என்றார். பத்து நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அன்சருக்குப் போன் செய்து, அந்தக் கடைசி வரிசை ஆளைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டேன்.

11.3, புதன்

அன்சரே பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பெரிதாக்கியதில் புகையும் பெரிதாகிவிட்டது. அப்பா கையில் கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அப்பா ஹயாத் பாஷா படத்திலிருந்த மாலையைத் தானே கழற்றினார், குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். எடுத்துப் போகிறீர்களா என்று அன்சரிடம் கேட்டார். உங்கள் இஷ்டம் என்றார் அவர். "அறுவது வருஷம் எங்கொறய கேட்டவரு. வூட்லயே இருக்கட்டும்பா" என்று பழைய ஆணியிலேயே மாட்டினார்.

பிறகு புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். முகமே இல்லையேப்பா என்றுதான் வந்தது.

"அசங்கிட்டாரு" என்றார். "நானும் அப்டித்தாம்மா. எங் கல்யாண போட்டோல உங்கம்மாதான் தெரிவா, நான் தெரிய மாட்டேன்."

இலை போட்டாயிற்று. சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். நெற்றி எது, கண் எது என்று எனக்குப் புரியவில்லை. அப்பா யோசிக்கவில்லை. விரலில் தொட்டு நேராகப் பொட்டு வைத்தார்.