பொட்டு வைத்த பிளாப்பி

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். பழங்காநத்தத்திலிருந்து ஆரப்பாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஆபீஸ் மாடிப்படி ஒரே சேறு.

போன வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து புரோகிராமில் செய்த திருத்தம் காணோம். கூட வேலை பார்க்கும் செல்வம் அண்ணன் தன் பழைய பிரதியை அதன் மேலேயே காப்பி செய்துவிட்டார். கேட்டால், "நீ அதுல கை வச்சிருக்கேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" எரிச்சல். கேள்வி நியாயம்தான்.

திருமங்கலம் மில்லுக்கு ஷிப்ட் லிஸ்ட் போடும் புரோகிராம். 14ஆம் தேதி மில்காரர் வந்து பார்க்கிறார். லிஸ்ட் சரியாக வந்தால்தான் என் வேலை நிரந்தரமாம். முதலாளி சொல்லிவிட்டார்.

7, செவ்வாய்

பெங்களூரிலிருந்து சித்தப்பா மகன் அனுப்பிய ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ். பெரிய கம்ப்யூட்டர்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டாம். ஒரு புரோகிராமை ஒருவர் எடுத்தால், திருப்பி வைக்கும்வரை அடுத்தவர் தொட முடியாது. யார், எப்போது, எதை மாற்றினார், ஏன், எல்லாம் மெஷினே வைத்துக்கொள்ளுமாம். முந்தின நிலைக்குத் திரும்பியும் போகலாமாம்! மூன்று முறை படித்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கவே மறந்துபோச்சு.

நம் மெஷினில் அது இல்லை. நோட்டு இருக்கிறதே.

- எடுப்பவர் நோட்டில் கையெழுத்து.
- பழையதன் மேல் எழுதக் கூடாது. புது எண்.
- என்ன மாற்றம், ஏன். கட்டாயம்.

மெஷினை அணைத்தால் அதில் எதுவும் தங்காது; சேமித்து வைக்க மிச்சம் இரண்டே பிளாப்பி. ஒன்றில் இப்போதுள்ள ஐந்தாவது பிரதி, எண் 5, பீரோவுக்குள். இனி வருவதெல்லாம் மற்றதில். அதற்குப் பெயர் தாய் பிளாப்பி.

10, வெள்ளி

வெயில். செ. அண்ணன் புலம்பல்: "கம்ப்யூட்டர் வந்தா நோட்டே வேணாம்னாக. நீ இம்புட்டு எழுதச் சொல்றியே, ஆத்தா!" புலம்பிக்கொண்டே எண் 6க்கு நாலு வரி, காரணத்தோடு. 7 என்னுடையது, அவசரத்தில். 8 அவர். அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தொடாமல் இருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா?

11, சனி

நாளை ஆயுத பூஜை, ஆபீஸில் இன்றே. பொரிகடலை, வாழைக்கன்று. மானிட்டருக்கும் சந்தனம். முதலாளி: "முக்கியமானதைச் சாமி முன்னாடி வைங்கப்பா." தாய் பிளாப்பியை விட முக்கியம் எது? உறையோடு வைத்தால் நன்றாக இருக்காதென்று கழற்றி, லேபிளில் நானே சந்தனம் குழைத்துப் பொட்டு. இனி விஜயதசமிக்குத்தான் தொடலாம்.

13, திங்கள்

மெஷின் தாய் பிளாப்பியைப் படிக்கவில்லை. டிரைவில் கரகரவென்று சத்தம். சந்தனம் வழிந்து உள்ளே காய்ந்திருக்கிறது. பாத்ரூமில் போய் அழுதேன்.

செ. அண்ணன் திட்டவில்லை. "பீரோவுல அஞ்சு இருக்குல்ல? நோட்டை எடு. நீ வாசி, நான் அடிக்கிறேன்." எண் 6, அப்படியே திரும்ப வந்துவிட்டது. எண் 7: "சின்ன திருத்தம். ம." அவ்வளவுதான். ம. என்றால் மகேஸ்வரி. நான். விதி போட்டவள்! என்ன திருத்தம்? சுத்தமாக ஞாபகமில்லை. "சின்னதுதானே, விடு" என்றார். எண் 8ம் அடித்தாயிற்று.

14, செவ்வாய்

மேகமூட்டம். பத்து மணிக்கு மில்காரர். ஒன்பதே முக்காலுக்குச் செ. அண்ணன் லிஸ்டைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, பாண்டியம்மா, மாரியம்மா... ராத்திரி ஷிப்ட்லயா பொம்பளையாளுகளப் போடுவாக?"

அதுதான்! பெண்களை மூன்றாம் ஷிப்டில் போடக் கூடாது, சட்டம். அதுதான் என் சின்ன திருத்தம். இரண்டு வரி அடித்தேன். மில்காரர் படியேறும்போதும் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மூன்றாம் ஷிப்டைத்தான் புரட்டினார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து. "சரியாத்தேன் இருக்கு."

வேலை நிரந்தரம். செ. அண்ணன் வடை வாங்கப் போயிருக்கிறார். நோட்டில்:

எண் 9. பெண்களுக்கு மூன்றாம் ஷிப்ட் கிடையாது. காரணம்: சட்டம். ஏற்கெனவே எண் 7இல் செய்தது. என்னவென்று எழுதாமல் விட்டது நான். மகேஸ்வரி.