மிச்சமிருக்கிற வலது காது

எருமப்பட்டி
9.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம். உதைக்கிற உதையைப் பார்த்தால் உங்கள் பிடிவாதம்தான் வந்திருக்கிறது. போனில் நான் எது சொன்னாலும் "ம், சரி" என்று மட்டும் சொல்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் எனக்கு ஓடாது. அதனால்தான் கடிதம். லீவு முடிந்து ரிக் வண்டிக்குத் திரும்பும் இளவழகன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது கம்பி சரிந்ததாம். பின்னால் நின்று கத்தியும் நீங்கள் திரும்பவில்லையாம். "காதுல வயர மாட்டியிருந்தாப்லீங்க. கழட்டுன பெறகும் கேக்கலீங்க" என்றார் அண்ணன். உண்மையைச் சொல்லுங்கள். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள்
சண்முகப்பிரியா


ராய்ப்பூர் பக்கம்
24.9.2025

அன்புப் பிரியாவுக்கு,

இளவழகன் வாய் சும்மா இருக்காது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. காது டாக்டரைப் பார்த்தேன். இடது காது போய்விட்டது, திரும்பாதாம். வலதில் பாதி இருக்கிறது. ரிக் சத்தத்தையும் இயர்போனையும் விட்டால் அதாவது மிஞ்சும் என்றார்.

கம்ப்ரசர் சத்தம் உள்ளே போகக் கூடாது என்றுதான் இயர்போனே மாட்டினேன். காதை அடைத்த மாதிரியும் ஆச்சு, உன் பேச்சைக் கேட்ட மாதிரியும் ஆச்சு என்று நினைத்தேன். நீ கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டே பேசுவாய், நான் குழாய் இறக்கிக்கொண்டே கேட்பேன். மிஷினைத் தாண்டி உன் குரல் கேட்க வேண்டும் என்று ஃபுல் சத்தம் வைத்தேன். இரண்டு சத்தமும் சேர்ந்துதான் காதைத் தின்றதாம்.

சீக்கிரம் வாரேன்.

மோகன்குமார்


எருமப்பட்டி
6.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

படித்தேன். அன்றைக்கு ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. என்னோடு பேசியா உங்கள் காது போயிற்று? இது யாரிடம் போய்ச் சொல்வது?

உடனே கிளம்பி வாருங்கள். ஆட்டையாம்பட்டியில் இருக்கிற என் அண்ணன் உங்களைத் தறிப் பட்டறை வேலைக்குக் கூப்பிடுகிறார். தறிச் சத்தமும் ஆகாது என்று நானே வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் பண்ணையில் முட்டை ஏற்ற ஆள் தேடுகிறார்கள். கோழி கத்தி யாருக்கும் காது போனதில்லை.

உங்கள்
பிரியா


ராய்ப்பூர் பக்கம்
25.10.2025

அன்புப் பிரியாவுக்கு,

தீபாவளிக்கு வரவில்லை என்று வருத்தப்படாதே. இந்த ஒரு சீசன் மட்டும் இருந்துவிட்டு வாரேன். முட்டை ஏற்றி நாம் என்னைக்குத் தலையெடுப்பது?

உன்னிடம் மறைக்க மாட்டேன். சும்மா இருந்தால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. அதை அமுக்க வலது காதில் பாட்டுப் போட்டுக்கொள்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய். குழந்தை பிறந்ததும் அதன் முதல் அழுகையைப் போனில் பிடித்து அனுப்பு. ஃபுல் சத்தம் வைத்தால் எனக்குக் கேட்கும்.

மோகன்குமார்


நாமக்கல்
18.11.2025

மாமாவுக்கு,

பெண் குழந்தை. போன வியாழக்கிழமை பிறந்தாள். இரண்டு பேரும் நலம். மூக்கு உங்களுடையது.

பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். "ஏஞ்சாமி, வந்ததும் வராததுமா இத்தன கோவம்?" என்று நர்ஸம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீங்கள் கேட்டபடியே அம்மா அதைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். இன்று காலை நான் அழித்துவிட்டேன்.

அனுப்பினால் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபுல் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். என் குரல் ஒரு காதைத் தின்றது போதும். இன்னொன்றுக்கு இவளை நான் காரணமாக்க மாட்டேன். இனி போனும் எடுக்க மாட்டேன்.

இவள் பசிக்கு அழும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் வலது காதுக்கு இப்போது கேட்கும். சீசன் முடிந்து வந்தால் கேட்குமா என்று எனக்குத் தெரியாது.

பிரியா