எட்டுச்செலவுக்கு ஊற்றிய பியர்

என் பெரியண்ணாவுக்கு, உங்களிடம் கேட்காமலே முடிவெடுத்த தங்கச்சி எழுதுவது.

போன வியாழன், நீங்கள் போய் எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவு. ஹவுன்ஸ்லோவில் உங்கள் அறையிலேயே வைத்தோம். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டுமே. சோறு, விளைமீன் குழம்பு, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் நான்தான் சமைத்தேன். வரும் வழியில் ஒரு டின் பியரும் வாங்கினேன்.

நாற்பத்தொரு பழைய ஜெர்மன் பியர்க் குவளைகளை அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தவர் நீங்கள். கொழுத்த துறவி, நரி, ஆந்தை, சுருட்டுப் பிடிக்கும் பன்றி என்று ஒவ்வொன்றும் ஓர் உருவம். தலையைத் தூக்கினால் அதுதான் மூடி. இவ்வளவும் வைத்திருப்பவர் குடிக்காமலா இருப்பார்?

நரியை இலையருகே வைத்து பியரை ஊற்றினேன். ஐந்து நிமிடமில்லை, சோறெல்லாம் நனைந்துவிட்டது. குவளையின் அடியால் ஒழுகியிருக்கிறது. மிச்சத்தைத் துறவியில் ஊற்றினேன். அதுவும் ஒழுகியது.

உங்களோடு அறையில் இருந்த யோகன் அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உதுகள் எல்லாம் கீறல் விழுந்து வெடிச்சது. வெடிச்சதெண்டாத்தான் பழைய சாமான் விக்கிற கார் பூட் சேலில மலிவாத் தருவாங்கள். அவன் டோர்ச் அடிச்சுப் பாத்துப் பாத்து வாங்குவான்."

"அப்ப எதில குடிக்கிறவர்?"

"ஆர், உங்கட அண்ணனோ? பதினெட்டு வருசம் ஒண்டா இருந்தனாங்கள். நான் குடிச்சிட்டு வந்தாலே ஜன்னலைத் திறந்து விடுவான்."

"பின்னை ஏன் உதுகள்?"

"ஜெர்மனியில அகதி கேம்பில இருக்கேக்க, ஒரு கடைக் கண்ணாடிக்குள்ள உந்த நரி மாதிரி ஒண்டு இருந்ததாம். அங்க தன்னைப் பாத்துச் சிரிச்சது அது ஒண்டுதான் எண்டு சொல்லுவான்."

உங்கள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணா, குரோய்டனில் பேசிய சம்பந்தம் ஏன் குழம்பியது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பொருத்தம் சரியில்லை என்றுதான் சொன்னார்கள். பெண்ணின் தாய் என்னிடம் போனில் விசாரித்தார். "கொஞ்சம் தண்ணி எடுப்பார் போல" என்று சொன்னது நான். உங்கள் அலுமாரியை ஒரு தரம் பார்த்ததைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. அதன்பிறகு வேறு இடம் பார்க்க நீங்கள் விடவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன வந்தது?

குவளைகளைக் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யோகன் அண்ணைதான் பேப்பரில் சுற்றித் தந்தார். இடம் போதவில்லை, மைக்ரோவேவுக்கு மேலே இரண்டு ஆந்தைகள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "அண்ணன் நல்லா அடிப்பாரோ?" என்று கேட்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, அண்ணா. உங்களை நினைத்தல்ல, என்னை நினைத்து.

முப்பத்தோராம் நாளுக்குச் சொந்தமெல்லாம் வரும். அந்தக் குரோய்டன் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றார். பந்தி வைக்க முன், எல்லாருக்கும் கேட்க எழுந்து நின்று சொல்வேன்: என் அண்ணா குடித்ததில்லை. குடிப்பார் என்று சொன்னது நான்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கச்சி
வதனி