பார்க்காத ஒருத்தி

மார்ச் 3, 2025, திங்கள்

விசிறியைத் தட்டுகளுக்குப் பின்னால் வைத்தால் என்ன? காற்று பக்கவாட்டில் நுழைந்தால், அப்போது –

காலையில் இவ்வளவுதான் எழுதினேன். அதற்குள் போன் துடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வரியை எப்படி முடிக்க நினைத்தேன்? சாயங்காலம் உத்தமபாளையம் பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தேன். வரவில்லை.

எங்கள் கம்பெனி தேனியில் ஏலக்காய் ட்ரையர் செய்கிறது. வரைபடம் போடுவது நான் ஒருத்திதான். முதலாளி பலவேசம் அண்ணாச்சி போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹேமா, கீழ்த்தட்டு காய் காஞ்சு செவந்துருது, மேல்தட்டு ஈரமாவே கெடக்கு. சீசனுக்குள்ள இத மாத்திக் குடும்மா. நீ யோசிப்பேன்னுதான ஒன்ன இங்கன வச்சிருக்கேன்."

யோசிக்கத்தான் சம்பளம். யோசிக்கத்தான் நேரமில்லை.

மார்ச் 11

வினோத்ராஜ் இன்று இன்னொரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார். அண்ணாச்சி மகன், கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டுத் தையில் வந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டவர். விற்பனைக்கு ஒரு குரூப், சர்வீஸுக்கு ஒன்று, கேரளா டீலர்களுக்கு ஒன்று, வாழ்த்துச் சொல்ல ஒன்று. எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். "எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்க்கா" என்கிறார்.

தெரிந்துகொண்டேன். வண்டன்மேட்டில் ஒரு போல்ட் கிடைக்கவில்லை. பெயின்ட் விலை ஏறிவிட்டது. யாரோ ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்ல, கீழே வரிசையாகக் கும்பிடுகள். பதில் போடாவிட்டால் மாலையில் கேள்வி வரும்.

மார்ச் 12

இன்று ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

ஏப்ரல் 8

சாப்பிடும்போது போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அருண்பாண்டி என் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஏ ஹேமா, ஆபீஸ்ல இருந்து ஒடம்பு மட்டுந்தான் வீட்டுக்கு வருது போல."

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 21

கேட்டேவிட்டேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்குப் போன் வேண்டாம்.

"அவசரம்னா?" என்றார் வினோத்ராஜ்.

"ஆள் அனுப்புங்க. பழைய பெயின்ட் ரூம்லதான் இருப்பேன். கூப்பிடு தூரம்."

"கம்பெனி பூரா ஆன்லைன்ல இருக்கு. நீங்க மட்டும் எப்படிக்கா?"

அண்ணாச்சி கணக்குப் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்: "விடுடா, அந்தப் பிள்ள யோசிக்கட்டும்."

ஏப்ரல் 29

பெயின்ட் ரூமில் தின்னர் நெடி. முதலில் சில நாள் கை தானாகவே போனைத் தேடியது. வெறும் மேஜையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னைக்கு வந்துருச்சு!

காற்று எப்போதும் கீழிருந்து மேலே போகிறது. அதனால்தானே கீழ்த்தட்டுக்குச் சூடு, மேல்தட்டுக்கு ஈரம்? பாதி நேரம் போனதும் காற்றின் திசையைத் திருப்பினால்? மேலிருந்து கீழே! நடுவில் ஒரு கதவு வைத்தால் போதும். இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

மே 20

ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் சுருளிராஜன் அண்ணன் தகரத்தில் ஒரு சின்ன மாதிரி செய்து தந்தார். இப்போது ஏலக்காய் இல்லாததால் சந்தையில் பச்சைமிளகாய் வாங்கிப் பரப்பினோம். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி காய்ந்தது. அண்ணன் மிளகாயை நசுக்கி மோந்து பார்த்துத் தும்மினார், சிரித்தார்.

ஒரு குறை இருக்கிறது. சூட்டில் கதவு விரிந்து இறுகிக்கொள்கிறது. அது தீர்ந்தால் முடிந்தது. தீரும். இந்தக் காலை நேரம் மட்டும் எனக்கு இருந்தால் போதும்.

ஜூலை 16, புதன்

பன்னிரண்டு மணிக்குப் போனைப் போட்டேன். போட்டிருக்கவே வேண்டாம். இல்லை, முன்னாடியே போட்டிருக்க வேண்டும். எதுன்னு தெரியல.

குமுளிக்கு மேலே ராஜமணி என்பவருடைய தோட்டம். எங்கள் பழைய ட்ரையர். ஆட்டோ கட்-ஆஃப் வேலை செய்யாமல் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. டீலர் பத்தேகாலுக்கே சர்வீஸ் குரூப்பில் போட்டுவிட்டார்: "சூடு நிக்கலை. ஹேமா மேடம் ஒடனே பாருங்க." நான் பார்க்கும்போது காய் எரிந்து, கூரையிலும் தீப்பிடித்து, அணைத்தும் விட்டார்கள். தட்டை இழுக்கப் போன ஒரு பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று.

மெயின் சுவிட்சை அணைத்திருந்தால் போதும்.

ஜூலை 17

மீட்டிங். டீலர் பதினோரு மணிக்கு எடுத்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வினோத்ராஜ் பெரிய திரையில் போட்டார், அந்த மெசேஜை அதுவரை யார் யார் பார்த்தார்கள் என்று. ஆபீஸில் எல்லார் பெயரும் இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை.

நான் எழுந்து கேட்டேன்: "எல்லாரும் பாத்தீகள்ல? ஒருத்தராச்சும் மெயின ஆஃப் பண்ணுங்கன்னு ஒரு போன் போட்டீகளா? பெயின்ட் ரூம் கதவத் தட்ட ஒரு ஆளு இல்லையா?"

விற்பனையில் இருக்கும் ஷீபா மெதுவாகச் சொன்னாள்: "ஒங்களத்தானக்கா கேட்டிருந்தாக." அவள் அந்த மெசேஜுக்குக் கட்டைவிரல் போட்டிருந்தாள். இன்னும் நாலைந்து பேர் போட்டிருந்தார்கள்.

"நீங்க பாத்திருந்தா சொல்லிருப்பீங்கள்ல?" என்றார் வினோத்ராஜ். "அவ்வளவுதான்க்கா என் கேள்வி."

சொல்லியிருப்பேன். அதுதானே கொடுமை. பார்த்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பார்க்காத ஒருத்தி குற்றவாளி. அண்ணாச்சி கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

கம்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜோதிலட்சுமி. விடியற்காலையில் ஜீப்பில் மலையேறித் தோட்ட வேலைக்குப் போகிறவள், என் வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் கட்டு. தங்கச்சி இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் அந்த மிசினு செஞ்சவகளா?"

"படம் போட்டவ."

"சூடு கூடுது கூடுதுன்னு எங்க மொதலாளி டீலருக்கு போன் மேல போன் போட்டாக. அந்தாளு, குரூப்ல போட்ருக்கேன், பாத்துருவாகன்னுட்டாரு." ஊட்டிய இட்லியை முழுங்கிவிட்டுக் கேட்டாள்: "யாரும் பாக்கலையாம்மா?"

எல்லாரும் பார்த்தார்கள் என்று எப்படிச் சொல்வது? வாங்கிப் போன சாத்துக்குடியை யார் உரித்துத் தருவார்கள் என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 4

பெயின்ட் ரூமைப் பூட்டிவிட்டார்கள். என் மேஜை இப்போது வினோத்ராஜின் கண்ணாடி அறைக்கு எதிரே.

செப்டம்பர் 10

காலையில் பஸ் சின்னமனூர் தாண்டும்போது கதவு இறுகுவதற்கு ஒரு வழி தோன்றியது. நன்றாகவே தோன்றியது. வீரபாண்டி வருவதற்குள் சர்வீஸ் குரூப்பில் மூன்று கேள்விகள். பதில் போட்டு முடித்தேன். வழி போய்விட்டது.

அக்டோபர் 13

கோயம்புத்தூரிலிருந்து யாரோ வரைந்த ட்ரையர் டிசைனை விலைக்கு வாங்கிவிட்டார்களாம். குரூப்பில்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோஆர்டினேட்டர் என்று புதுப் பதவி.

"சீசன் ஓடுதும்மா, என்ன பண்ணச் சொல்ற?" என்றார் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்காமல், நிலவாசலைப் பார்த்துச் சொன்னார். தகர மாதிரி எங்கே என்று சுருளிராஜன் அண்ணனிடம் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டதாம்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். ரெண்டு டீலருக்குப் பதில் போட வேண்டியிருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

ரோட்டு வேலையில் கேபிளை வெட்டிவிட்டார்கள். காலையிலிருந்து நெட்டும் இல்லை, டவரும் இல்லை. ஆபீஸே கல்யாண வீடு மாதிரி பேசிக்கொண்டிருந்தது. வினோத்ராஜ் மொட்டைமாடியில் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு பெட்டி வரைந்தேன். உள்ளே தட்டுகள். காற்று எங்கிருந்து வர வேண்டும்? யோசித்தேன். மறுபடியும் யோசித்தேன். ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை, ஒன்றும் வரவில்லை. போனில் டவர் கோடு விழுகிறதா என்று பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் எல்லா மேஜையிலும் போன்கள் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. குமுளியிலிருந்து ஒரு கேள்வி. மற்றவர்கள் படித்து முடிப்பதற்குள் பதில் போட்டுவிட்டேன்.

"எக்கா, நீங்கதான் ஃபர்ஸ்ட்!" என்றாள் ஷீபா.

சந்தோஷமாகத்தான் இருந்தது.