கலாவதியின் தோள்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ராவாங் பேக்டரிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நம் கலாவதி ஒரு வாரமாக என்னைப் படாத பாடு படுத்திவிட்டாள்.

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். இரண்டு தோளும் கன்றிப்போய்க் கிடந்தன. கேட்டால் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அடிக்கிறார்கள் என்று நினைத்து, செல்லையா வாத்தியாரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் என்னை முறைத்தார்.

"நீங்கதான் வீட்டுல போட்டு அடிக்கிறீங்கன்னு நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்!"

இருவரும் அசடு வழிந்தோம்.

நேற்று சாயங்காலம் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், நான் ரப்பர் பால் தூக்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி மாட்டித் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறாள் உங்கள் மகள். ஏழு வயதில்! கம்பைப் பிடுங்கினேன்.

"கிளினிக் மிஸ்ஸி ஒன்னய பாரம் தூக்கக் கூடாதுன்னாங்கல்ல? இனிமே பால் வாளிய நான் தூக்குறேன்மா."

திட்டவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. நர்ஸ் மிஸ்ஸி ஏன் அப்படிச் சொன்னார் என்பதை, நீங்கள் வரும்போது காதோடு சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். உங்கள் மகள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கோலசிலாங்கூர் பஸ்காரருக்குக்கூடத் தெரியும். நீங்கள் மட்டும்தான் பாக்கி.

தீபாவளிக்குக் காத்திருக்கும்,
நாங்கள் மூவரும்.