இடக்கதவு காத்திருக்கிறது

ஐந்து நகரங்களின் மேலும் மழை ஒன்றுபோல் பெய்க. ஆம்பல்வாயிலும் வெண்கோடும் தழைக்க. மணிநீராற்றின் அக்கரையில் பாசறை இறங்கியிருப்பவரும், சென்ற வேனில் ஆடல் விழாவை நடத்தி அதன் நெறிக்குக் காவலராய் நிற்பவரும், எங்கள் அரசியாரைக் கைப்பிடித்த கணவருமான வெண்கோட்டு வேந்தர் நெடுவேள் பூதனார் திருமுன்புக்கு, ஆம்பல்வாயில் அரசி நறுங்கோதை தேவியார் பணிக்க, ஓலைநாயகம் கூத்தன் எழுதியது.

முதலில் ஒரு பழைய பேச்சை நினைவூட்டச் சொன்னார் தேவியார். வெண்கோட்டில் விழா முடிந்து விருந்தினர் வண்டி கட்டிய காலையில், தாங்கள் தேவியாரின் தேர் வரை நடந்து வந்து, கேட்பதற்கு ஏதேனும் உண்டா என்று வினவினீர்கள். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னால் போதும் என்றார் தேவியார். அவை இப்போதுதானே குடித்தன என்றீர்கள். அப்படியானால் இன்னொரு முறை காட்டச் சொல்லுங்கள், வழி நெடியது என்றார் தேவியார். தாங்கள் சிரித்தீர்கள், தேவியார் சிரிக்கவில்லை. குதிரைகள் தொட்டியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. தேர் புறப்பட்டுவிட்டது.

இனி இன்றைய காரியம். தங்கள் பாசறையின் சமையற்புகை எங்கள் மதிலிலிருந்து தெரிகிறது. இம்முறை விழா நடத்த வேண்டிய ஆம்பல்வாயில் தன் கதவுகளுக்குப் புது இரும்பு அடிக்கிறது, விழா நெறியை மீறப் போகிறது என்று வணிகர் சொன்ன சொல்லைக் கேட்டே தாங்கள் படையோடு வந்திருப்பதாக அறிந்தோம். வாயிலில் சம்மட்டிச் சத்தம் கேட்டது மெய். ஒரு தலைமுறையாகக் கழற்றாத கதவுகளின், குழியில் சுழலும் குடுமிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. அவற்றைத் தளர்த்தவே கொல்லர் அடித்தனர். திறப்பதற்கு அடித்த அடியை, பூட்டுவதற்கு அடித்ததாக ஆற்றுக்கு அக்கரையில் கொண்டார்கள்.

ஆயினும் தங்கள் யானைகள் நீருக்கு இறங்கியதைக் கண்டபின் எங்கள் அவையும் நிலைகுலைந்தது. நெறியைத் தாங்கள் அறிவீர்கள். விழா நடத்தும் நகரம் தன் வலக்கதவைத் தானே கழற்ற வேண்டும்; இடக்கதவை, சென்ற முறை நடத்திய வேந்தர் வந்து தம் கையால் கழற்ற வேண்டும்; ஆடல்கள் முடியும்வரை அந்நகருக்குக் கதவே இல்லை. முடிந்தபின் அவ்வேந்தர் வெளியே நின்று இடக்கதவை மாட்டிவிட்டு, தம் ஊர் திரும்ப வேண்டும். படைத்தலைவர் எயினனார் எழுந்து, புலி வந்திருக்கிறது என்று தெரிந்தே தொழுவத்தைத் திறந்து வைப்பதா என்று கேட்டார். வந்திருப்பவர் இவ்வீட்டு மாப்பிள்ளை அல்லவா என்று ஒருவர் சொல்ல, யானைப்படையோடு வரும் மாப்பிள்ளைக்கு எந்த வீட்டிலும் இலை போடுவதில்லை என்றார் எயினனார். அவை சிரித்தது, ஆனால் எவர் கண்ணும் மதிலை விட்டு அகலவில்லை. கதவுகளைக் கழற்றிவிட்டு, வாயிலுக்குள்ளே பூந்தேர்களை நெருக்கி நிறுத்தலாம், பார்ப்போருக்கு அலங்காரம், நமக்கு அரண் என்பது அவர் யோசனை. பலருக்கு அது பிடித்திருந்தது.

தேவியார் உடனே மறுக்கவில்லை. இவ்விழா தங்கிய ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். குன்றவூரில்தான் முதல் ஆடல். களம் சமன் செய்யக்கூட ஆளில்லாமல் பாறைமேலேயே ஓடினார்கள், வென்றவனுக்குக் கிடைத்தது ஒரு குடம் தேன், அதையும் அவன் தோற்றவர்களோடு பகிர்ந்து உண்டான். மணற்பட்டினம் உலகமே வியக்க, நடுவே குளம் வெட்டி ஒரு களம் கட்டியது. இன்று அதன் படிகளில் ஆடு மேய்கிறது, கருவாடு காய்கிறது, ஆனாலும் அவ்வூர்ப் பெண்டிர் தம் பாட்டிமார் அங்கே நீந்தி வென்றதைச் சொல்லித்தான் தாலாட்டுப் பாடுகிறார்கள். ஒரு முறை போர் வந்து எந்த ஊரிலும் விழா நடக்கவில்லை. ஓட வேண்டியவர்கள் வேலேந்தினார்கள், அவர்களில் பாதிப் பேர் அடுத்த விழாவுக்கு இல்லை. புன்னைத்துறை கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே வைக்கோல் வண்டிகளை மறைத்து நிறுத்தியது. வாயில் வரை வந்த விருந்தினர் சக்கரங்களைக் கண்டார்கள். வந்த வழியே திரும்பினார்கள். அந்த விழாவைத்தான் வெண்கோடு ஏற்று நடத்தியது, களம் உழுது, பந்தலிட்டு, மற்போர் செய்தவர்களுக்கு வேந்தரே தோற்பையில் தண்ணீர் சுமந்து. அந்த வேந்தர் வருகிறபோது நம் வாயிலில் தேரின் சக்கரம் தெரிய வேண்டுமா என்று தேவியார் கேட்டார். எயினனார் தலைகுனிந்தார், ஆனால் வாளை விடவில்லை.

அதன்பின் தேவியாரே வாயிலுக்கு நடந்தார். நெம்புகோல்கள் ஏறின. வலக்கதவு முனகிக்கொண்டு குழியிலிருந்து எழுந்தபோது, அதன் நிழல் விலகிய இடத்தில் ஆறும் தங்கள் கூடாரங்களும் தெரிந்தன. கூடியிருந்தோர் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். எயினனார் அந்த இடைவெளியில் போய் நின்றார். தேவியார் அவர் வாளைக் கேட்டு வாங்கித் தம் சேடியிடம் கொடுத்தார். இவ்வோலை எழுதும் இந்நேரமும் அங்கே காவல் இல்லை. ஆற்றங்காற்று கடைவீதி வரை வருகிறது. தாங்கள் படையோடு புகுந்தால் தடுக்க எவருமில்லை.

ஆகவே தேவியாரின் ஆணை இது. படைக்கலங்கள் அக்கரையிலேயே நிற்க. யானைகள் நீராடித் திரும்புக. தங்கள் ஓட்டக்காரரும் மல்லரும் வில்லாளரும் முன்னே வர, தாங்கள் நடந்து வந்து இடக்கதவைத் தங்கள் கையால் கழற்றுக. மற்ற மூன்று நகரங்களுக்கும் இவ்வாறே ஓலை சென்றது. இது நறுங்கோதை தேவியார் திருவாணை. கயல் முத்திரை இதற்குச் சான்று.

இலச்சினைக்கு மண் குழைத்து, கயிறும் கட்டியபின், அவிழ்க்கச் சொன்னார் தேவியார். எழுத்தாணியை எடுத்துக் காத்திருந்தேன். தங்கள் தமையனார் மறைந்து, தொட்டிலில் கிடந்த அவர் மகன் இளவேளுக்காக வெண்கோட்டு அரியணை காக்கத் தாங்கள் இவ்வூரை விட்டுப் போன நாளைப் பேசினார். அந்த இளவேள் இப்போது முடிசூடும் வயதெய்தி, தானே வழக்குத் தீர்க்கிறான் என்று கேள்விப்பட்டதைச் சொன்னார். கூப்பிடாமல் வரமாட்டீர்கள் என்பது தமக்குத் தெரியும் என்றார்; ஒரு வேந்தரைத் தன் வீட்டுக்காக அழைத்தாள் என்ற பேச்சுக்கு அஞ்சியே அன்று தாம் குதிரைகளுக்குத் தண்ணீர் கேட்டதாகவும் சொன்னார். பிறகு, இதை ஆணையாக எழுதாதே கூத்தா, நான் சொல்கிற சொல்லிலேயே எழுது என்றார்.

எழுதுகிறேன்:

விழா முடிந்து இடக்கதவை மாட்டும் நாளில் வெளியே நின்று மாட்டாதீர்கள். உள்ளே வந்து நின்று மாட்டுங்கள்.